பின்திரையில் தாஜ்மகால்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. உள்ளே போனால் சுவரை மறைத்து ஒரு துணித்திரை. அதில் தாஜ்மகால், அதன் முன்னால் குளம், ஓரத்தில் ஒரு மயில். ஆக்ராவில் அந்த இடத்தில் மயில் நிற்குமா என்று யாரும் கேட்டதில்லை. ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். ஊருக்கே ஒரே அளவு. ஒல்லியாக இருப்பவருக்கு முதுகுப் பக்கம் நாலு கிளிப் போட்டு இறுக்குவார்கள். தொந்தி இருப்பவருக்குப் பொத்தான் போடாமல் விட்டுவிடுவார்கள். முக்காலியில் ஒரு டெலிபோன் இருக்கும், அதற்கு ஒயர் கிடையாது. படம் எடுத்த பிறகு ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, கூராகச் சீவிய பென்சிலால் டச்சிங் செய்வார். அம்மைத் தழும்பு மறையும், கன்னத்துக் குழி தூர்ந்துபோகும். வரன் பார்க்க அனுப்பும் படம் என்றால் பென்சில் இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யும்.

அப்பாவுக்கும் அப்படி ஒரு படம் உண்டு. கோட்டும் டெலிபோனும் மயிலுமாக, முப்பது வருஷம் எங்கள் கூடத்தில் மாட்டியிருந்தது. சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன்: "அந்தக் கோட்டு எங்கேப்பா?" அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அது ஸ்டூடியோக்காரருது" என்றார்.

ஆகவே, சமூக வலைத்தளம் வந்துதான் மனிதர்கள் வேஷம் கட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. ஆனால் அன்றைக்கு ஆயுளில் நாலைந்து படங்கள். அதைப் பார்க்கிறவர்களுக்கு ஆளை முன்பே தெரியும். படத்தில் தழும்பு இல்லாவிட்டாலும் தெருவில் தழும்போடுதான் பார்த்தார்கள். இன்று படம் முதலில் வருகிறது, ஆள் பிறகு வருகிறார், சில சமயம் வருவதே இல்லை. அதோடு தினமும் ஒரு படம் போட வேண்டியிருக்கிறது. கோட்டை ஐந்து நிமிஷம் போட்டுக் கழற்றலாம். அதைப் போட்டுக்கொண்டே தூங்கி எழுந்து வேலைக்கும் போவதென்றால் முதுகில் கிளிப் குத்தத்தான் செய்யும். கீழே இருப்பவை அந்தக் கிளிப்புகளைப் பற்றிய குறிப்புகள்.

பதிவு போடுகிறவர்கள் செய்யக்கூடாதவை

போகாத ஊருக்குப் போனதாகப் படம் போடாதீர்கள்.

2014-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸில்லா வான் டென் போர்ன் என்ற வடிவமைப்பு மாணவி, ஐந்து வாரம் தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றப்போவதாக வீட்டில் சொன்னார். பெற்றோர் விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினார்கள். அவர் விமானம் ஏறவில்லை. ஆம்ஸ்டர்டாமில் இருந்த தன் குடியிருப்புக்கே திரும்பிவிட்டார். பிறகு தினமும் ஃபேஸ்புக்கில் படங்கள். நீச்சல் குளத்தில் எடுத்த படத்தில் வண்ண மீன்களைச் சேர்த்துக் கடல் ஆக்கினார். ஆம்ஸ்டர்டாமிலேயே உள்ள ஒரு புத்தர் கோயிலுக்குப் போய் நின்று படம் எடுத்தார். ஓர் அறையை அலங்கரித்து, ஏதோ ஆசிய விடுதி போல ஆக்கி, அங்கிருந்து வீட்டாரோடு ஸ்கைப்பில் பேசினார். படிப்புக்கான திட்டம் அது. வலைத்தளத்தில் காட்டுவதை எவ்வளவு எளிதாக வளைக்கலாம் என்று நிரூபிப்பது நோக்கம். நிரூபித்துவிட்டார். எல்லோரும் போட்டோஷாப் திறமையைப் பற்றித்தான் பேசினார்கள்.

எனக்கு என்னவோ அந்த ஐந்து வாரம்தான் கண்ணில் நிற்கிறது. தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் சொந்த ஊரில் ஒளிந்திருக்க வேண்டும். அங்கே என்ன மணி, இங்கே என்ன மணி என்று கணக்குப் போட்டே பேச வேண்டும். போகாத ஊருக்கு வழி சொல்கிறவன் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். போகாத ஊரிலிருந்து படம் போடுகிறவர் அந்த ஊரிலேயே குடியிருந்தாக வேண்டும். ஸில்லாவுக்குத் திட்டம் முடியும் தேதி தெரியும். மற்றவர்களுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. யாரையோ வழியனுப்ப மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போய்விட்டு அங்கிருந்து 'செக்-இன்' போட்ட நண்பர் ஒருவர், ஒரு வாரம் தெருமுனைக் கடையில் டீ குடிக்க முடியாமல் தவித்ததை நான் நேரில் பார்த்தேன்.

வாடகைக்கு எடுத்ததைச் சொந்தமாகக் காட்டாதீர்கள். தனி விமானத்தின் உட்பகுதி போலவே செட் போட்டு, படம் எடுத்துக்கொள்ள மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டூடியோ லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது. ஜன்னலும் இருக்கையும் உண்டு, இறக்கை மட்டும் கிடையாது. நம் தாஜ்மகால் திரையின் பேரன்தான் அது, கொஞ்சம் விலை கூடியது.

நோயைத் தொடாதீர்கள். சாவைத் தொடாதீர்கள்.

இதில் மட்டும் எனக்கு நகைச்சுவை வராது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பெல் கிப்ஸன் தனக்கு மூளையில் புற்றுநோய் என்றும், டாக்டர்கள் சில மாதங்களே கெடு கொடுத்ததாகவும், சத்தான சாப்பாட்டாலும் இயற்கை வைத்தியத்தாலும் நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பதாகவும் இன்ஸ்டாகிராமில் எழுதிவந்தார். வெள்ளைச் சுவர், பச்சைக் காய்கறி, பளபளக்கும் முகம். 2013-இல் அவருடைய சமையல் செயலி வந்தது, அடுத்த ஆண்டு புத்தகம் வந்தது. விற்பனையில் ஒரு பகுதியை நல்ல காரியங்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். 2015-இல் பத்திரிகையாளர்கள் அந்தப் பணம் எங்கே என்று தேடப் போனார்கள். பணத்தைத் தேடிப் போனவர்கள் நோயும் இல்லை என்று கண்டுகொண்டார்கள். அந்த ஏப்ரலில் ஒரு பெண்கள் பத்திரிகையில் அவரே ஒப்புக்கொண்டார். 2017-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அபராதத்தால் ஈடுகட்ட முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. அவரைப் பின்தொடர்ந்தவர்களில் உண்மையாகவே புற்றுநோய் வந்தவர்கள் இருந்தார்கள். கீமோ முடிந்து முடி கொட்டி உட்கார்ந்திருக்கும் ஒருத்தி அந்தப் பளபளக்கும் முகத்தைப் பார்த்து, 'நான்தான் ஏதோ தப்பாகச் சாப்பிட்டுவிட்டேன்' என்று நினைத்திருந்தால் அந்தக் கணக்கை எந்த நீதிமன்றத்தில் தீர்ப்பது? ஒரு படத்தின் பேரில் யாராவது மருந்தையோ பணத்தையோ மனசையோ விட்டுக்கொடுக்கக் கூடும் என்றால், அந்த இடத்தில் டச்சிங் பென்சில் போகவே கூடாது. அப்பாவின் கோட்டுக்கும் இதற்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்டால், நான் இங்கேதான் போடுவேன்.

காசு வாங்கிக்கொண்டு சொந்த அனுபவம் போல எழுதாதீர்கள். 'ஆறு மாசமா நான் யூஸ் பண்றேன் ஃப்ரெண்ட்ஸ்' என்று சொல்லும் பாட்டில் முந்தாநாள்தான் கூரியரில் வந்திருக்கும். இது ஒழுக்கப் பிரச்சினை மட்டும் இல்லை, சட்டப் பிரச்சினையும் கூட. இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் இதற்கு விதி வகுத்தது; 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. காசு வாங்கியிருந்தால், பொருளாக வாங்கியிருந்தால், ஓசியில் ஹோட்டலில் தங்கியிருந்தால், அதைப் பார்த்தவுடன் தெரியும்படி சொல்ல வேண்டும். இருபது ஹாஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்துவைப்பது சொன்னதாக ஆகாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவருக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ரீல்ஸில் வரும் வருமானத்தோடு இந்த எண்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொருவர் முகத்தை எடுத்து டிபியாக வைக்காதீர்கள். விளையாட்டுக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி, 66டி என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. முன்னது அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவதற்கு, பின்னது கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

கல்யாணப் பதிவில் சம்பளம், முதல் திருமணம் இந்த இரண்டிலும் கை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் முதல் காபியிலேயே தெரிந்துவிடும்.

பிள்ளைகளை உங்கள் அலங்காரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். ரேங்க் கார்டு, மேடையில் ஆடிய பரதம், 'எங்க பாப்பா டிவியே பார்க்க மாட்டா' என்ற வாக்கியம், இவற்றில் பாதி அம்மா அப்பாவைப் பற்றியவை. பெரியவர்கள் தங்களுக்கு ஒரு பொய்யை உடுத்திக்கொண்டால் அவர்களே கழற்றலாம். நாலு வயதில் உடுத்திவிட்டதைப் பதினாலு வயதில் பிள்ளை கழற்ற முயலும்போது, இரண்டாயிரம் உறவினர்களும் அதைப் பார்த்து முடித்திருப்பார்கள்.

அவர்களே செய்ய வேண்டியவை

பியூட்டி மோடை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன். ஏனென்றால் பலரும் தாங்கள் எதையும் மாற்றவில்லை என்றே நம்புகிறார்கள். உண்மைதான், அவர்கள் மாற்றவில்லை, போன் மாற்றியிருக்கிறது. பத்து ஆண்டுகளாக நம் ஊரில் விற்ற போன்களில் பல, செல்ஃபி கேமராவைத்தான் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்தன. பெட்டியைப் பிரித்தவுடனேயே தோலை வழவழப்பாக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். வழவழப்போடு நிறுத்தியிருந்தால் கூடச் சண்டை போட மாட்டேன், அது நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிடும். கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் மாமா, அத்தை, மச்சினன் எல்லோரும் ஒரே மாவில் பிசைந்த மாதிரி இருப்பார்கள். என் தங்கை மகள், பத்து வயது, தன் பள்ளி அடையாள அட்டைப் படத்தைக் காட்டி, "இதுல மட்டும் நான் கறுப்பா விழுந்துட்டேன் மாமா" என்றாள். அவள் நிறத்தில் அவளைக் காட்டிய ஒரே படம் அதுதான்.

ஸ்டூடியோக்காரரின் பென்சில் தழும்பை அழித்தது. அழித்தது யார் என்று தெரியும், அழிக்கச் சொன்னது நாம் என்றும் தெரியும். இங்கே யாரும் கேட்காமலேயே நடக்கிறது. 2020-இல் கூகுள் நிறுவனம் தன் பிக்ஸல் போன்களில் முகத்தை மெருகேற்றும் வசதி தானாக ஓடாது, வேண்டுமானால் நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மாற்றியது. அந்த வசதிக்கு 'அழகு' என்று பெயர் சூட்டுவதையும் விட்டது. சிறிய மாற்றம்தான், ஆனால் சரியான இடத்தில் செய்த மாற்றம். உங்கள் போனிலும் கேமரா செட்டிங்கில் இரண்டு தட்டுத் தட்டினால் அணைத்துவிடலாம். முதல் நாள் முகம் கொஞ்சம் முறைக்கும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

புனைபெயர் வேண்டுமா, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொய் அடையாளம் என்றதும் எல்லோரும் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்க வேண்டும். எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் சுஜாதா என்ற தன் மனைவியின் பெயரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். பத்திரிகையில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் இருக்கிறாரே, இரண்டு ரங்கராஜன்கள் குழப்பம் ஆகுமே என்பதற்காக ஏற்பட்ட மாற்றம் அது. அந்த ரா.கி.ரவோ தானே பல புனைபெயர்களில் எழுதிக்கொண்டிருந்தவர். சுஜாதா நம்மை ஏமாற்றிவிட்டார் என்று எந்த வாசகரும் புகார் செய்ததாகத் தெரியவில்லை.

பெயரை மறைக்க நல்ல காரணங்கள் உண்டு. வேலை செய்யும் இடம், விட்டு ஓடிவந்த கணவன், சாதியை மோப்பம் பிடிக்கும் பின்னூட்டக்காரர்கள். 2014-இல் ஃபேஸ்புக், நிஜப் பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, சான் ஃபிரான்சிஸ்கோவில் பெண் வேடமிட்டு மேடையேறும் கலைஞர்களின் கணக்குகளை முடக்கியது. அவர்கள் கொதித்தெழ, அக்டோபரில் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெயர்களில்தான் அவர்களை ஊருக்குத் தெரியும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2011-இல், அரபு நாடுகளில் கிளர்ச்சி பரவிய நேரத்தில், டமாஸ்கஸிலிருந்து அமினா என்ற பெண் எழுதும் வலைப்பூ உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. சிரியாவில் வாழும் ஒருபாலீர்ப்புள்ள பெண்; துணிச்சலான எழுத்து. ஜூன் 6 அன்று அவரை ஆயுதம் தாங்கியவர்கள் கடத்திவிட்டதாக 'உறவினர்' ஒருவர் அதே வலைப்பூவில் எழுதினார். விடுதலை கோரி ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஒரு வாரத்துக்குள் உண்மை வெளியே வந்தது. எழுதியவர் டாம் மக்மாஸ்டர், 40 வயது அமெரிக்கர், ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்தவர். அமினாவின் படமாக அவர் வைத்திருந்தது, லண்டனில் இருந்த, இதில் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் படம். சிரியாவில் அப்படி நிஜமாகவே எழுதிக்கொண்டிருந்தவர்கள் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. இனி ஒருத்தி உண்மையாகவே கடத்தப்பட்டால் யார் நம்புவார்கள்?

சுஜாதா ஒரு பெயரை எடுத்துக்கொண்டார். மக்மாஸ்டர் எடுத்துக்கொண்டது பிறர் படும் ஆபத்தை. உங்கள் ஃபேக் ஐடி இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு சமையற்கட்டை மிச்சம் வையுங்கள்.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர், இணையம் பிறப்பதற்கு வெகு முன்பே, 1950-களில் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆய்வுக்காக ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லண்ட் தீவுகளில் தங்கியிருந்தபோது அங்கே ஒரு ஹோட்டலில் அவர் பார்த்தவை அதில் வருகின்றன. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாம் மரியாதை, சுத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் வந்தால் கொதிக்கும் கெட்டில்மேல் ஈரச் சாக்ஸ் காயும். கூடத்தில் பாதி தின்று திரும்பிய வெண்ணெயை மறுபடி உருட்டி, புதிது போல வெளியே அனுப்புவார்கள். மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான், முன்மேடை ஒன்று, பின்மேடை ஒன்று வைத்துக்கொண்டு வாழ்கிறோம் என்றார் காஃப்மன். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வெண்ணெய் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் குறை உண்டு; மற்றபடி ஒப்புக்கொள்கிறேன்.

இன்றைக்கு நடப்பது, சமையற்கட்டையும் மேடை ஆக்குவது. 'காலை எழுந்ததும் என் அசல் முகம்' என்று போடும் படத்துக்கு மூன்று விளக்கு, ஏழு டேக். அழுகைக்குக் கூட ரிங் லைட். நாலு பேர் மட்டும் உள்ள, ஸ்கிரீன்ஷாட் எடுக்காத ஒரு குழு, அல்லது போனே இல்லாத ஒரு திண்ணை, அப்படி ஏதாவது ஒன்று கைவசம் இருக்கட்டும். சாக்ஸ் காயப்போட ஓர் இடம் வேண்டாமா?

அசல் கோப்பை அழிக்காதீர்கள். எடிட் செய்யாத படம் எங்காவது ஒரு மூலையில் இருக்கட்டும். எண்பது வயதில் தேடுவீர்கள்.

கேட்டால் சொல்லிவிடுங்கள், கேட்காவிட்டாலும் எப்போதாவது சொல்லுங்கள். எஸ்ஸீனா ஓ'நீல் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணுக்கு 18 வயதிலேயே இன்ஸ்டாகிராமில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபாலோயர்கள் இருந்தார்கள். 2015 அக்டோபர் இறுதியில் சுமார் 2,000 படங்களை அழித்தார். மிச்சம் வைத்த படங்களுக்கு அடியில் இருந்த வரிகளை மாற்றி எழுதினார்: இந்த உடைக்குக் காசு வாங்கினேன், வயிறு ஒட்டித் தெரிய இத்தனை முறை எடுத்தேன் என்று. இதுவும் விளம்பரத்துக்கான நாடகம் என்று சிலர் திட்டினார்கள். இருக்கட்டுமே. மிச்சப் படங்களை அப்படியே விட்டுவிட்டு அடிக்குறிப்பை மட்டும் மாற்றியது எனக்குப் பிடித்திருக்கிறது. கோட்டைக் கிழிக்காமல், 'ஸ்டூடியோக்காரருது' என்று எழுதி வைத்த மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் பழைய படங்களில் பத்தை எடுத்து, யாருக்கும் காட்டாமல், ஒரு நோட்டில் அப்படி எழுதிப் பாருங்கள். சிரிப்பு வரும். இரண்டு இடத்தில் வராது.

பார்க்கிறவர்களுக்கு

நேரில் பார்க்காதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். குரலைக் கேட்டேனே என்பது போதாது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர் மான்டி டேயோ 2012-இல், பாட்டியும் காதலியும் ஒரே நாளில் இறந்துபோன துக்கத்தோடு ஆடுகிறார் என்று நாடே உருகியது. அடுத்த ஜனவரியில், அந்தக் காதலி பிறக்கவே இல்லை என்று தெரிந்தது. படம் யாருடையதோ, போனில் பேசிய குரல் வேறு யாருடையதோ. டேயோ ஏமாந்தவர்தான், ஆனால் ஊர் அவரைத்தான் கேலி செய்தது. வீடியோவில் முகத்தைப் பார்த்தேனே என்பதும் இப்போது போதாது. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர், வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளைப் 'பார்த்து', அவர்கள் சொன்னபடி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் இருந்த முகங்கள் கணினி செய்தவை. அவசரம், ரகசியம், பணம் மூன்றும் ஒரே பேச்சில் வந்தால் போனை வையுங்கள். உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஒப்பிடாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொல்லி யாரும் கேட்டதில்லை. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-இலேயே சொன்னது இது: மனிதர்கள் தங்களை அளந்து பார்க்கத் தங்களைப் போன்றவர்களையே தேடுகிறார்கள். நடிகையின் பங்களா நம்மைச் சுடுவதில்லை. பத்தாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசப் படம்தான் சுடும். ஆகவே யார் படம் சுடுகிறதோ அவரை ஒரு மாதம் மியூட் செய்யுங்கள். அன்ஃப்ரெண்ட் வேண்டாம், அது வேறு பஞ்சாயத்து. அந்த ஒரு மாதத்தில் அவருக்கு ஒரு தடவை போன் செய்து பேசுங்கள். வீட்டுக் கடன் எவ்வளவு என்று அவரே சொல்லிவிடுவார்.

துப்பறியும் வேலை பார்க்காதீர்கள்.

ஜப்பானில் பைக் ஓட்டும் இளம்பெண் ஒருவரின் ட்விட்டர் கணக்கு இருந்தது. நீண்ட கூந்தல், மலைப்பாதைகள், பளபளக்கும் வண்டி. ஒரு படத்தில் வண்டியின் கண்ணாடியில் வேறொரு முகம் தெரிவதை யாரோ கவனித்துவிட்டார்கள். 2021 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி தேடிப் போனபோது கதவைத் திறந்தவர் 50 வயது ஆண். கூந்தல் மட்டும் அவருடையது, முகம் செயலி கொடுத்தது. ஏன் என்று கேட்டார்கள். ஒரு சாதாரண மாமா பைக்கைத் துடைப்பதையும் ஊர் சுற்றுவதையும் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். அவர் யாரிடமும் பணம் கேட்டதாகத் தெரியவில்லை. குட்டு வெளிப்பட்ட பிறகும் கணக்கை மூடவில்லை; பலர் அவரை விட்டுப் போகவும் இல்லை.

பொய்யைக் கண்டுபிடிப்பதில் ஒரு குரூரமான சுகம் இருக்கிறது. எனக்குத் தெரியும், நான் அனுபவித்திருக்கிறேன். என் பெரியப்பா அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளியூரில். யாரோ ஃபேஸ்புக் வைத்துக்கொடுத்தார்கள். தன்னைப் பற்றிய பகுதியில், 'ஓய்வு பெற்ற போக்குவரத்துத் துறை அதிகாரி' என்று போட்டிருந்தார். காலையில் பூப்படத்தோடு வணக்கம், மாலையில் ஏதாவது பொன்மொழி. நூறு பேருக்கு மேல் நண்பர்கள், எல்லோருக்கும் தவறாமல் பதில் எழுதுவார். ஒருநாள் யாரோ ஒருவர், "ஐயா எந்த டிப்போவில் அதிகாரி?" என்று கேட்டிருந்தார். பெரியப்பா பதில் போடுவதற்குள் நான் போட்டேன்: "பெரியப்பா, அதிகாரியா? விசில் எங்கே?" கூடவே சிரிக்கும் பொம்மைகள் மூன்று. பன்னிரண்டு பேர் சிரித்தார்கள்.

அவரிடம் தனியாக, போனில், "அதிகாரின்னு போட்டிருக்கீங்களே பெரியப்பா" என்று கேட்டிருந்தால், அப்பா கோட்டைப் பற்றிச் சொன்ன மாதிரிதான் அவரும் சொல்லியிருப்பார். "சும்மா போட்டேன்டா" என்று. அண்ணன் தம்பி இருவருக்கும் குரல் கூட ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். அந்த வரியை எடுத்திருந்தார், வேறெதையும் அந்த இடத்தில் போடவில்லை. அதன் பிறகு பொங்கலுக்குப் போனபோது காபி கொடுத்தார், கரும்பு வெட்டிக் கொடுத்தார், ஃபேஸ்புக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கணக்கு இன்னும் இருக்கிறது. கடைசிப் பதிவு ஒரு மஞ்சள் ரோஜா, இனிய காலை வணக்கம். அதற்குக் கீழே நாலைந்து பேர், 'ஐயா நலமா, ஆளையே காணோமே' என்று கேட்டிருக்கிறார்கள்.